அவலாஞ்சி சாலையில் பார்த்த மஞ்சள் கழுத்துப் பிராணி

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் "இது என்ன பிராணி?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது. போன மாதக் கடைசியில் எமரால்டிலிருந்து அவலாஞ்சி போகும் சாலையில், காலை ஏழே காலுக்கு, தேயிலை முடிந்து சோலை, அதாவது மலைப் பள்ளத்து அடர்காடு, தொடங்கும் ஒரு வளைவில், ஒன்று சாலையைத் தாண்டியிருக்கிறது. வறுத்த காபிக்கொட்டை நிறத்தில் உடம்பு, மஞ்சள் அரைத்துப் பூசியது போலக் கழுத்து, உடம்பளவுக்கு நீண்ட வால். ஓட்டுநர் மரநாய் என்றார். ஊரில் மாமா கீரி என்றார். வாட்ஸாப்பில் ஒருவர் மலை அணில் என்றார், இன்னொருவர் யாரோ வளர்த்த ஃபெரட் (கீரி போல நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி) தப்பித்து வந்திருக்கும் என்றார். நான்கில் ஒன்றும் உங்கள் கண் பார்த்த நிறத்தோடு ஒட்டவில்லை. அதனால் "அல்பினோ மாதிரி, நிறம் மாறிப் பிறந்த கீரியாக இருக்குமோ?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆக, இயற்கையிலேயே இப்படியொரு நிறம் உண்டா, அல்லது நான் பார்த்தது ஒரு பிறழ்வா என்பதுதான் கேள்வி.

உண்டு. நீங்கள் பார்த்தது அநேகமாக நீலகிரி மார்ட்டென், நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுப் பிராணி, அதற்கு எப்போதும் அதுதான் நிறம். நான் காட்டுயிர் உயிரியல் படித்துவிட்டுப் பன்னிரண்டு வருடம் ஆனைமலையிலும் நீலகிரியிலும் கேமரா பொறி (பிராணி கடந்தால் தானாகவே படம் எடுக்கும் கருவி) வைத்துப் பாலூட்டிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவன். அத்தனை வருடத்தில் இதைக் கண்ணால் பார்த்தது ஐந்தே முறை. ஊட்டிக்குச் சுற்றுலா போன இடத்தில் இரண்டை ஒன்றாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றதும் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. படம் மங்கல்தான், தலை புதருக்குள் போய்விட்டது, வாலும் முழுதாக இல்லை. இருந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று சொல்வேன். மீதி ஐந்து ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கழுத்தின் நிறத்தை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வரவில்லை. கேள்வியின் கடைசி வரியில், திடீரென்று ஞாபகம் வந்தது போல, "பின்னாலேயே இன்னொண்ணும் அதே மாதிரி போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி படத்தைவிடப் பெரிய சாட்சி. நிறம் மாறிப் பிறப்பது அபூர்வம். அப்படிப் பிறந்த இரண்டு ஒரே வளைவில், ஒரே நிமிடத்தில், ஒரே இடத்தில் ஒரே மஞ்சளோடு போவது அதைவிட அபூர்வம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு வெள்ளைக் குட்டிகள் சேர்ந்து திரியாதா என்று கேட்கலாம். திரியும். ஆனால் பிறழ்வு நிறத்தை எடுத்துவிடும், கூட்டிவிடும், அல்லது திட்டுத்திட்டாக விட்டுப்போகும். மோவாய்க்குக் கீழே தொடங்கி நெஞ்சில் முடியும், இருபுறமும் ஒத்த, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும் ஒரு மஞ்சள் பட்டையை இரண்டு உடம்புகளில் அச்சடித்தாற்போல் வரைந்துவைக்காது.

அல்பினோ என்ற சொல் இப்போது எதற்கெல்லாமோ பயன்படுகிறது என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பாலூட்டிகளின் மயிருக்கு நிறம் தருவது மெலனின். அதில் இரண்டு வகை: கறுப்பும் பழுப்பும் தரும் யூமெலனின், மஞ்சளும் செம்மையும் தரும் ஃபியோமெலனின். உடம்பால் மெலனினையே தயாரிக்க முடியாமல் போனால் அது அல்பினோ. மயிர் வெள்ளை, கண் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. நிறமிச் செல்கள் தோலின் சில இடங்களுக்கோ முழுவதற்குமோ போய்ச் சேராவிட்டால் லூசிசம். அங்கேயும் வெள்ளைதான், ஆனால் கண் வழக்கமான நிறத்தில் இருக்கும், திட்டுகள் பெரும்பாலும் தாறுமாறாக விழும். கறுப்பு மிகுந்து போனால் மெலனிசம். நம் பக்கத்துக் கருஞ்சிறுத்தை அதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். கறுப்பு குறைந்து செம்மை மேலோங்கினால் எரித்ரிசம். மார்ட்டெனின் உறவுக்காரனான போல்கேட் என்ற பிராணியில், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், அப்படிச் செந்நிறமாகப் பிறந்தவை பதிவாகியிருக்கின்றன. இந்த நான்கில் எதுவும் கருங்காபி உடம்பில் மஞ்சள் கழுத்தைத் தராது. நீங்கள் சொன்ன நிறம் ஒழுங்கான நிறம். உடம்புக்கு ஒரு நிறமி, தொண்டைக்கு ஒரு நிறமி என்று பாகம் பிரித்துக் கொடுத்த மாதிரி.

மஸ்டெலிட் குடும்பத்தில், அதாவது மார்ட்டென், நீர்நாய், வீசல், பேட்ஜர் எல்லாம் சேர்ந்த குடும்பத்தில், இப்படிக் கண்ணை ஏமாற்றும் நிறங்கள் சகஜம். லடாக்கில் இருக்கும் ஸ்டோட் கோடையில் பழுப்பு, குளிரில் வால் நுனி தவிர உடம்பெல்லாம் வெள்ளை. நாள் குறுகுவதை உடம்பு உணர்ந்து மயிரை மாற்றிக்கொள்கிறது. தெரியாதவர் ஜனவரியில் பார்த்தால் அல்பினோ என்றுதான் சொல்வார். பார்க்க வேண்டியது அந்தக் கறுத்த வால் நுனியை. ஐரோப்பாவின் பைன் மார்ட்டெனுக்குத் தொண்டையில் பாலேடு நிறத் திட்டு. அதன் ஓர வடிவம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு என்பதால், கேமரா பொறிப் படங்களில் அதை வைத்தே எது எது என்று ஆய்வாளர்கள் அடையாளம் பிரிக்கிறார்கள். நம் கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களுக்குச் சொல்லப்பட்ட நான்கு பெயர்கள். கீரி என்று மாமா சொன்னதைத் தப்பென்று தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன், அதுவும் எதிர்த் திசையில். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வால்பாறைப் பக்கம், சாயங்காலம், ஜீப்புக்கு முன்னால் செக்கச்செவேல் என்று நீளமாக ஒன்று ஓடியது. நான் "மார்ட்டென், மார்ட்டென்" என்று கத்திக் குறிப்பேட்டில் நேரம்கூட எழுதிவிட்டேன். எங்களோடு வந்த காடர் சமூகத்துப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். ஜீப் கிளம்பியதும் மெதுவாக, "சார், கழுத்தப் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். "அது மூக்கத் தரையில ஒரசிக்கிட்டே போச்சு. நீங்க சொல்றது அப்படிப் போகாது, எகிறி எகிறிப் போகும்." அன்று பார்த்தது செங்கீரி, ஆசியக் கீரிகளிலேயே பெரியது, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உண்டு. குறிப்பேட்டில் அந்த வரியை அடித்த கோடு இன்னும் இருக்கிறது.

அவர் சொன்ன அந்த நடைதான் முதல் அடையாளம், நிறத்துக்கும் முன்னால். மார்ட்டெனுக்கு முதுகு நீளம், கால் குட்டை. ஓடும்போது பின்னங்கால் முன்னங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழும், முதுகு வில்லாக வளைந்து நிமிரும். கம்பளிப்பூச்சி போவதை வேகமாக ஓட்டிப் பார்த்தால் வரும் ஓட்டம் அது. கீரி அப்படியில்லை, முதுகை மட்டமாக வைத்துக்கொண்டு வழுக்குவது போலப் போகும். அடுத்தது மயிர். கீரியின் ஒவ்வொரு மயிரிலும் வெளிறிய வளையமும் கறுத்த வளையமும் மாறி மாறி இருக்கும், அதனால் கிட்டத்தில் பார்த்தால் உப்பும் மிளகும் தூவினது போலத் தெரியும். மார்ட்டென் மயிரில் அந்தத் தூவல் கிடையாது. வழவழவென்று, எண்ணெய் தேய்த்தது போல ஒரே நிறம். கீரியின் வால் அடியில் பருத்து நுனியில் கூம்பும், மார்ட்டென் வால் அடி முதல் நுனி வரை கிட்டத்தட்ட ஒரே பருமன். காது இன்னொன்று. கீரியின் காது தலையோடு ஒட்டிக்கிடக்கும், மார்ட்டெனுக்கு வட்டமாக எழும்பித் தெரியும். "துள்ளித் துள்ளிப் போச்சு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "வெல்வெட் மாதிரி பளபளப்பு" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்காமலே இரண்டு முக்கியமான விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்கள்.

மலை அணில் என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. அளவும் வாலும் ஏமாற்றும். அதற்கும் முதுகு கருஞ்சிவப்பு, அடிப்பக்கம் சந்தன நிறம். ஆனால் அந்தச் சந்தன நிறம் கழுத்தோடு நிற்காது, வயிறு முழுக்க ஓடும், முன்னங்கால் உள்பக்கமும் அதே நிறம். தவிர மலை அணில் தரையில் இறங்குவதே அபூர்வம், சாலையைத் தாண்ட வேண்டுமென்றால் மேலே கிளைக்குக் கிளை தாவத்தான் பார்க்கும். ஃபெரட் விஷயம் இன்னும் சுலபம். வளர்க்கும் ஃபெரட்டின் வால் உடம்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், ஒரு சாண் கூட வராது. உடம்பளவு வால் என்ற உங்கள் ஒரு வார்த்தையிலேயே அது விழுந்துவிடுகிறது.

ஓட்டுநர் சொன்ன மரநாய்க்கு வருகிறேன். இங்கே சிக்கல் பிராணியில் இல்லை, பெயரில். தமிழில் மரநாய் என்றால் பெரும்பாலும் பனைமரத்தில் ஏறிக் கள் குடிக்கும் என்று சொல்லப்படும் அந்த இரவுப் பிராணியைத்தான் சொல்கிறோம், ஊர்ப்புறத்தில் ஓட்டுக்கூரைக்குள் குட்டி போடுமே அது. சில தமிழ் நூல்களில் மார்ட்டெனுக்கும் அதே பெயரைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஓட்டுநர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று கேட்டால்தான் தெரியும். மலையில் பிறந்து வளர்ந்தவர் என்றால் சரியான பிராணியையே சொல்லியிருக்கலாம். ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பரம்பரைப்படி பார்த்தால் கூரையில் குட்டி போடும் அந்த மரநாய் பூனை வகையறா. கீரியும் அதே பக்கம். மார்ட்டெனும் நீர்நாயும்தான் நாய், கரடி இருக்கும் பக்கத்தில் வருகின்றன. ஆக "நாய்" என்ற பட்டம் நீர்நாய்க்குப் பொருத்தமாக விழுந்தது, மரநாய் விஷயத்தில் வீடு மாறிப் போய்விட்டது. எது எப்படியோ, பனை மரநாயும் சோலைக்காட்டில் இருக்கும் பழுப்பு மரநாயும் இரவில் நடமாடுபவை. காலை ஏழே காலுக்கு வெளிச்சத்தில் ஜோடியாகச் சாலை தாண்டுவது அவற்றின் பழக்கம் அல்ல. மார்ட்டென் பகல் பிராணி.

நிறத்தைப் பற்றி உங்களுக்கே ஒரு குழப்பம் இருக்கிறது: கண்ணுக்கு எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தது, போனில் ஆரஞ்சாக வந்திருக்கிறது, எதை நம்புவது என்கிறீர்கள். இரண்டையும் பாதி பாதி நம்புங்கள். இந்தப் பிராணியின் தொண்டை வெளிர்மஞ்சளிலிருந்து நல்ல ஆரஞ்சு வரை ஆளுக்கு ஆள் மாறும். போன் செய்யும் வேலை தனி. மரநிழலில், வெயில் ஏறாத நேரத்தில், வெளிச்சம் நீலமாக இருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று போன் படம் முழுவதையும் செம்மைப் பக்கம் தள்ளும், பிறகு பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நிறத்தைத் தூக்கும். அதோடு வாட்ஸாப்பில் அனுப்பிய படம் சுருக்கப்படுகிறது. சுருக்கும்போது வெளிச்ச விவரத்தைவிட நிற விவரம்தான் அதிகம் வெட்டப்படும். அதனால் மஞ்சளின் ஓரம் பக்கத்திலிருக்கும் பழுப்புக்குள் கசிந்து எல்லாம் ஆரஞ்சாகத் தெரியும். உடம்பு விஷயத்திலும் அப்படித்தான். நிழலில் இதன் முதுகு கறுப்பு. வெயில் பட்டால் தோள்பட்டைப் பக்கம் செம்பழுப்பு எழும்பும். கேமரா பொறியில் இரவில் அகச்சிவப்பு ஒளியில் விழும் படங்களில் நிறமே கிடையாது, எந்தக் கழுத்தும் வெளுப்பாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட படத்தை வைத்து "வெள்ளைக் கழுத்துப் புது இனம்" என்று எனக்கு எழுதியவர்களும் உண்டு.

பிராணியைப் பற்றிக் கொஞ்சம். அறிவியல் பெயர் மார்ட்டெஸ் குவாட்கின்சியை. தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட் 1851-ல், கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகத்தின் பாலூட்டிப் பட்டியலில் இதற்குப் பெயர் வைத்தார். தென்னிந்தியாவில் இருக்கும் ஒரே மார்ட்டென் இதுதான், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதன் நெருங்கிய சொந்தமான மஞ்சள் தொண்டை மார்ட்டென் இமயமலையில் தொடங்கிக் கிழக்கே கொரியா, ரஷ்யாவின் தூரக்கிழக்கு வரை பரவியிருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகவே வைத்தவர்களும் உண்டு. நீலகிரிக்கும் இமயமலைக்கும் நடுவே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர், அந்த இடைவெளியில் ஒரு மார்ட்டென்கூட இல்லை. இமயமலைக்காரனின் உடம்பு பல இடங்களில் பொன்னிறமாக வெளிறியிருக்கும், நம்முடையது இருட்டு. மண்டையோட்டின் நெற்றிப் பகுதி தட்டையாகக் குழிந்திருப்பது இன்னொரு வித்தியாசம், ஆனால் அதைக் காட்டில் பார்க்க முடியாது.

தலையும் உடம்பும் சேர்ந்து இரண்டு அடி அளவு, வால் ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடி, எடை இரண்டு கிலோவை ஒட்டி. வாலின் மயிர் புசுபுசுவென்று இருப்பதால் இன்னும் நீளமாகத் தெரியும்; நீங்கள் உடம்பளவு என்றது அதனால்தான். கர்நாடகத்தில் குடகுப் பக்கம் தொடங்கி, நீலகிரி, ஆனைமலை, பெரியாறு என்று தெற்கே அகத்தியமலை வரை பதிவுகள் உள்ளன. முக்குருத்தி, அமைதிப் பள்ளத்தாக்கு, இரவிகுளம், மூணாறு பக்கத்துப் பாம்பாடும் சோலை ஆகிய இடங்களில் பார்த்தவர்கள் அதிகம். அவலாஞ்சி முக்குருத்திக்கு ஒட்டின இடம், ஆகவே இடமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பறவை, அணில், ஓணான், சில்வண்டு என்று கிடைத்ததைத் தின்னும். தன் அளவுக்குச் சற்றும் குறையாத சருகுமானையும் உடும்பையும்கூடத் துரத்திப் பிடிப்பதாகப் பதிவுகள் இருக்கின்றன. பழமும் தேனும் பிடிக்கும். தேனுக்காகக் கூட்டைக் கலைக்கிறது என்று குடகில் தேன்பெட்டி வைத்தவர்களுக்கு இதன் மேல் பழைய கோபம் உண்டு.

பன்னிரண்டு முறை ஊட்டி போயும் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதேயில்லை என்கிறீர்கள். ஆச்சரியமில்லை. இதன் வீடு சோலையின் மேல்தட்டு, எண்ணிக்கையும் குறைவு. நாம் பார்க்கும் ஊட்டியில் பாதிக்கு மேல் தேயிலையும் சீகை எனும் வாட்டில் மரமும் கற்பூர மரம் எனும் யூகலிப்டஸும்தான். அந்த மரங்களை இது அறவே ஒதுக்குவதில்லை, சீகைத் தோப்புக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பொந்தும் இரையும் சோலையில்தான். ஒரு சோலையிலிருந்து அடுத்ததற்குப் போக நடுவே தரையில் இறங்கி ஓடியாக வேண்டும், அப்படி ஓடும் அந்தச் சில விநாடிகளில்தான் சாலையில் போகும் நமக்குத் தென்படுகிறது. உங்கள் வளைவும் அப்படியொரு இடமாகத்தான் இருக்க வேண்டும்.

நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தது, அந்தச் செங்கீரி அவமானத்துக்கு நான்கு வருடம் கழித்து. மேல்பவானிப் பக்கம், பொறியில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும். தலைக்கு மேல் சீட்டிப் பறவை ஒன்று விடாமல் கத்தியது. நிமிர்ந்தால் பாசி படர்ந்த சாய்ந்த கிளையில் தலைகீழாக, அணில் இறங்குவது போல, இது இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தூரம். என்னைப் பார்த்ததும் நின்றது, பிறகு கிளையில் முன்னங்காலைத் தூக்கி எழுந்து நின்றது. அப்போதுதான் தொண்டை முழுவதும் தெரிந்தது. நனைந்த கறுப்புக்கு நடுவே அந்த மஞ்சள், பறங்கிப்பூவை ஒட்டிவைத்தது மாதிரி. மோவாய் மட்டும் வெளுப்பு, கீழே போகப்போக மஞ்சள் கூடி, நெஞ்சில் ஆரஞ்சாகி, சட்டென்று கோடு போட்டாற்போல நின்றது. மூக்கு இடைவிடாமல் அசைந்தது. என் கையில் பேட்டரி டப்பா, கேமரா பைக்குள். பத்து விநாடி இருக்கலாம். பிறகு அடுத்த மரத்துக்குத் தாவிப் போய்விட்டது. அதனால் உங்கள் படம் மங்கல் என்று வருத்தப்படாதீர்கள். என்னிடம் அதுகூட இல்லை.

சொன்னதில் எது உறுதி, எது ஊகம் என்று இப்போது பிரித்துவிடுகிறேன். அல்பினோவோ லூசிசமோ இல்லை, ஃபெரட் இல்லை, மலை அணில் இல்லை: உறுதி. மஸ்டெலிட் குடும்பம் என்பது கிட்டத்தட்ட உறுதி. அந்தக் குடும்பத்தில் தென்னிந்தியாவில் இருப்பவை நீர்நாய் வகைகள், ரேட்டல் என்கிற தேன் வளைக்கரடி, இந்த மார்ட்டென், அவ்வளவுதான். நீர்நாய்க்கு வால் தடித்த துடுப்பு, ரேட்டலுக்கு முதுகு வெள்ளை, வால் குட்டை. மீதி ஒன்றுதான். என் ஐந்து சதவீதம் எங்கே நிற்கிறது என்றால், மறுபடியும் அந்தச் செங்கீரியிடம்தான். அதற்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் காதிலிருந்து தோள் வரை ஒரு கறுப்புக் கோடு ஓடும், கோட்டை ஒட்டிச் செம்மயிர் இருக்கும். மங்கலான படத்தில் அந்தக் கறுப்பும் செம்மையும் சேர்ந்தால் கறுத்த உடம்பு, ஆரஞ்சுக் கழுத்து என்று தோன்ற வாய்ப்புண்டு. உங்கள் படத்தில் தொண்டை என்று தெரிவது விரல் அகல ஆரஞ்சுக் கீற்று மட்டும். மிச்சமெல்லாம் உங்கள் நினைவு. நினைவை நான் மதிக்கிறேன், குறிப்பாகத் துள்ளல் நடையைச் சொன்னதால். ஆனால் நான்கு பேர் நான்கு பெயர் சொன்ன பிறகு எழுதிய நினைவு அது. அதற்காக ஐந்தை ஒதுக்கிவைக்கிறேன்.

அவை ஆணும் பெண்ணுமா, தாயும் வளர்ந்த குட்டியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் பாதி, ஆகவே சொல்ல முடியாது. இது தனியாகவும் திரியும், இரண்டாகவும் திரியும். இரண்டாவது சிறியதாக இருந்ததா என்பது உங்களுக்கே நிச்சயமாக ஞாபகம் இருந்தால் தவிர, அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

அடுத்து என்ன செய்யலாம்? வாட்ஸாப் வழியாக வந்த படத்தை இங்கே போட்டிருக்கிறீர்கள். போனில் இருக்கும் அசல் கோப்பை வெட்டாமல், ஃபில்டர் போடாமல் எடுங்கள். எடுத்த நேரமும் இடமும் அதற்குள் பதிந்திருக்கும், வாட்ஸாப் அதைக் கழித்துவிடும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றுங்கள். அழியும் அபாயத்தில் உள்ளவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் சரியான இடத்தைத் தானாகவே மறைத்துக் காட்டும். பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இது அந்த வகையில் வருவதால் பயமில்லை. பொதுவெளியில் "இத்தனையாவது வளைவு" என்று எழுதாதீர்கள். அடுத்த வாரமே பத்து வண்டி அங்கே நிற்கும். மறுபடி அந்தப் பக்கம் போனால் காலையில் மெதுவாகப் போங்கள். சாலையில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வராதீர்கள். 1972-ம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் இறந்த உடலை வைத்திருப்பதும் குற்றம்.

இன்னொரு சின்ன உதவி. நீங்கள் போட்ட படத்தில் வால் நுனி சட்டகத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கிறது, யாரோ வெட்டி அனுப்பியது போலத் தெரிகிறது. அசலில் நுனி இருந்தால் அதை மட்டும் பெரிதாக்கிப் போடுங்கள். செங்கீரிக்கு வாலின் அடி வெளிறி, நுனி மட்டும் கறுப்புக் குஞ்சமாக மேல்நோக்கி வளைந்திருக்கும். மார்ட்டெனுக்கு அடி முதல் நுனி வரை ஒரே இருட்டு. அதைப் பார்த்துவிட்டால் அந்த ஐந்தையும் ஒரு பக்கமாகத் தீர்த்துவிடலாம்.